குழாய் வந்த பிறகு என்ன நடந்தது? ஊர்க்காரர்கள் பகிரும் அனுபவங்கள்

ஓய்வுபெற்ற ஆசிரியை, ராமநாதபுரம் மாவட்டம்:

எங்கள் பக்கத்தில் பெண் கொடுக்க வருபவர்கள் முதலில் விசாரிப்பது நிலத்தையோ நகையையோ அல்ல. "நல்ல தண்ணீருக்கு எவ்வளவு தூரம் போக வேண்டும்?" என்றுதான் கேட்பார்கள். ஆழ்துளைக் கிணறு போட்டால் உப்புத் தண்ணீர்தான் வரும். கோடையில் பெண்கள் கண்மாய்க்குள் ஊற்றுத் தோண்டி, நீர் ஊறும்வரை காத்திருந்து, சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். ஆறு குடம், எட்டுக் குடம் ஏற்றும் இரும்புத் தள்ளுவண்டி எங்கள் மாவட்டத்துக்கே உரிய அடையாளம். 2009இல் காவிரித் தண்ணீரைத் திருச்சியிலிருந்து கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கப்பட்டது. அப்போதும் தண்ணீர் தெருக்குழாய் வரைதான் வந்தது. அங்கிருந்து வீட்டுக்கு வந்தது பெண்களின் இடுப்பில்தான்.

2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் இயக்கத்தின் இலக்கு, கிராமத்தின் ஒவ்வொரு வீட்டுக்கும் குழாய், ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது. அன்று நாடு முழுவதும் ஏறத்தாழ 3.23 கோடி ஊரக வீடுகளில்தான் குழாய் இருந்தது. ஆறு வீட்டுக்கு ஒன்று என்றுகூடச் சொல்லலாம். ஐந்து பேர் இருக்கும் வீட்டுக்கு 55 லிட்டர் வீதம் கணக்குப் போட்டால் 275 லிட்டர், அதாவது சுமார் பதினெட்டுக் குடம். அத்தனையையும் யாராவது ஒருத்தி சுமந்தாக வேண்டியிருந்தது.

நான் கண்ணால் கண்ட மாற்றம் வருகைப் பதிவேட்டில் தெரிந்தது. முதல் பாடவேளைக்குத் தாமதமாக வருபவர்கள் பெரும்பாலும் பெண் குழந்தைகளாகவே இருப்பார்கள். காரணம் கேட்டால் தலையைக் குனிந்துகொள்வார்கள். ஈரமான பாவாடை ஓரமே பதில் சொல்லிவிடும். தெருவுக்குள் வீட்டுக் குழாய் வந்த பிறகு அந்தத் தாமதம் குறைந்தது. இதைவிடப் பெரிய புள்ளிவிவரம் எனக்குத் தேவையில்லை.

உங்கள் ஊரில் குழாய் வந்த பிறகு என்ன நடந்தது? நல்லதும் கெட்டதும் எழுதுங்கள்.

இல்லத்தரசி, திருவண்ணாமலை மாவட்டம்:

டீச்சர் அம்மா, எங்கள் வீடு மேட்டுத் தெருவின் கடைசி வீடு. அதனால் நான் வேறொரு கதையைத்தான் சொல்ல வேண்டும்.

குழாய் போட்ட புதிதில் எல்லாருக்கும் தண்ணீர் வந்தது. ஒரு கோடை வந்தது; பள்ளத்தெருவில் ஒரு வீட்டில் குழாயோடு மோட்டாரை மாட்டினார்கள். பக்கத்து வீட்டில் தண்ணீர் நூலாகியது. அவர்களும் மாட்டினார்கள். அப்படியே தெருத்தெருவாகப் பரவியது. எங்கள் குழாயைத் திறந்தால் காற்றுதான் வரும். திட்டக் கணக்கில் எங்களுக்கும் இணைப்பு இருந்தது. நானோ பழைய அடிபம்புக்கே குடத்தோடு போனேன்.

சண்டை போட்டுப் பார்த்தோம், பயனில்லை. பிறகு எங்கள் தெருப் பெண்கள் சேர்ந்து மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள் கிராம சபைக்குப் போனோம். அங்கே ஒரு பெரியவர் எழுந்து தெளிவாகச் சொன்னார்: மேல்நிலைத் தொட்டியின் உயரம்தான் தண்ணீரைத் தள்ளுகிறது, எல்லா வால்வையும் ஒரே நேரத்தில் திறந்தால் பள்ளத்துக்காரர்கள் பிடித்து முடித்த பிறகுதான் மேட்டுக்கு வரும், அதற்குள் தொட்டி காலியாகிவிடும் என்று. தெருவுக்கு ஒரு கேட் வால்வு பொருத்தி, முதலில் மேட்டுத் தெருவுக்குத் திறப்பது, அடுத்துதான் மற்ற தெருக்களுக்கு என்று தீர்மானம் போட்டோம். மோட்டார் வைத்தால் இணைப்பைத் துண்டிப்பது என்றும் அதிலேயே எழுதினார்கள். முதலில் துண்டித்தது செல்வாக்குள்ள ஒரு வீட்டின் இணைப்பை. அந்த ஒரு துண்டிப்புக்குப் பிறகு மற்ற மோட்டார்கள் தாமாகவே கழன்றன.

குழாய்த் திட்டம் வெற்றியா என்று அதிகாரிகள் பார்க்க வந்தால் ஊராட்சி அலுவலகத்துக்குப் பக்கத்து வீட்டில் பார்க்கக் கூடாது. கடைசி வீட்டுக்கு வாருங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

மகளிர் சுயஉதவிக் குழு உறுப்பினர், புதுக்கோட்டை மாவட்டம்:

அக்கா சொன்ன மோட்டார் விஷயத்தில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. எங்கள் ஊரில் தண்ணீரைச் சோதிக்கப் பயிற்சி பெற்ற ஐந்து பெண்களில் நானும் ஒருத்தி. ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்கு இந்தப் பயிற்சி தர வேண்டும் என்பது இத்திட்டத்தின் ஏற்பாடு. கையில் ஒரு பரிசோதனைப் பெட்டி கொடுத்தார்கள். குளோரின், ஃபுளோரைடு, நைட்ரேட், இரும்பு, கடினத்தன்மை என்று ஒவ்வொன்றுக்கும் சொட்டு மருந்தும் நிற அட்டையும் இருக்கும். கிருமி இருக்கிறதா என்று பார்க்கச் சிறு குப்பி. அதில் தண்ணீரை நிரப்பி ஒன்றிரண்டு நாள் வைக்க வேண்டும். கறுத்துவிட்டால் தண்ணீர் கெட்டிருக்கிறது என்று பொருள்.

ஒரு முறை தொட்டித் தண்ணீரில் எடுத்த குப்பி தெளிவாக இருந்தது. நடுத்தெருவில் ஒரு வீட்டுக் குழாயில் எடுத்தது மை போலக் கறுத்தது. அந்த வீட்டில் சின்னக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு நின்றபாடில்லை. தோண்டிப் பார்த்தபோது பிரதான குழாயிலிருந்து வீட்டு இணைப்பு பிரியும் இடத்தில் மாட்டியிருந்த சேடில், அதாவது குழாயைச் சுற்றிக் கவ்வும் பிடிப்பு, தளர்ந்திருந்தது. அது சாக்கடைக்குக் கீழேயே இருந்தது. தண்ணீர் ஓடும்போது கசிவு வெளியேதான் போகும். தண்ணீர் நின்ற பிறகும் யாராவது மோட்டாரால் உறிஞ்சினால், வெளியே தேங்கியிருக்கும் சாக்கடை உள்ளே வரும். பக்கத்து வீட்டு மோட்டார் அதைத்தான் செய்துகொண்டிருந்தது.

குப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகக் காட்டினேன். வாயால் சொன்னால் கேட்காதவர்கள் அந்தக் கறுப்பைப் பார்த்ததும் கேட்டார்கள். அதுவரை "இவளுக்கென்ன தெரியும்" என்றவர்கள் இப்போது தண்ணீரில் கொஞ்சம் நிறம் மாறினாலும் டம்ளரோடு என் வாசலுக்கு வருகிறார்கள்.

விவசாயி, தர்மபுரி மாவட்டம்:

எங்களுக்குத் தண்ணீர் இல்லை என்பது பிரச்சினையாக இருந்ததில்லை. இருந்த தண்ணீர்தான் பிரச்சினை. ஆழ்துளைக் கிணற்றில் ஃபுளோரைடு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகவே கூடாது என்பது அளவு. எங்கள் தலைமுறைக்கு அது யாருக்குத் தெரியும்? பல்லில் பழுப்புக் கறை, நடுத்தர வயதிலேயே முட்டி மடங்காத வலி. அதைப் பரம்பரை நோய் என்றே நம்பியிருந்தோம். 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகு பிறந்த என் பேரனின் பல் வெள்ளையாக இருக்கிறது.

ஒரு வேண்டுகோள். ஆற்றுத் தண்ணீர் குறையும் நாள்களில் ஆழ்துளைத் தண்ணீரை அதே குழாயில் விட்டால், அன்று முன்கூட்டியே சொல்லுங்கள். காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது. நீர் வற்றுவதால் அதன் செறிவு கூடத்தான் செய்யும்.

பட்டதாரி இளைஞர், தென்மாவட்டம்:

உங்கள் எல்லாருக்கும் குறை சொல்லவாவது தண்ணீர் வந்திருக்கிறது. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு குழாய் நட்டு, பக்கத்தில் சிமென்ட் மேடை கட்டி, வீட்டுக்காரரை நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். ஒப்பந்ததாரர் போய்விட்டார். தண்ணீர் இன்னும் வரவில்லை. நீராதாரம் உறுதியாகும் முன்பே குழாய் பதித்ததுதான் காரணம் என்று பிறகு புரிந்தது. என் பாட்டி அந்தக் குழாயில் ஆட்டுக்குட்டியைக் கட்டுகிறார். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு எரிகிறது. பட்டியலில் எங்கள் வீடு "இணைப்பு வழங்கப்பட்டது" என்று இருக்கிறது. என்ன செய்வது?

ஓய்வுபெற்ற ஆசிரியை, ராமநாதபுரம் மாவட்டம்:

தம்பி, மனம் தளர வேண்டாம். ஊரில் வேலை முடிந்தது என்று அறிவிப்பது ஒரு படி. அதற்குச் சான்று அளிப்பது வேறொரு படி. எல்லா வீட்டுக்கும், பள்ளிக்கும், அங்கன்வாடிக்கும் தண்ணீர் கிடைக்கிறது என்று கிராம சபை தீர்மானம் நிறைவேற்றினால்தான் ஊருக்கு அந்தச் சான்று. உங்கள் ஊரில் அந்தத் தீர்மானம் ஏற்கெனவே போடப்பட்டதா என்று தீர்மானப் பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். போடவில்லை என்றால் தண்ணீர் வரும்வரை ஒருவரும் கையெழுத்திட வேண்டாம். திட்டக் காலமும் 2028 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது; நேரம் கடந்துவிட்டது என்று யாரும் உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது.

மேல்நிலைத் தொட்டி இயக்குபவர், சேலம் மாவட்டம்:

எல்லாரும் எழுதியதைப் படித்தேன். தண்ணீர் வராவிட்டால் முதலில் திட்டு வாங்குபவன் என்ற முறையில் நானும் கொஞ்சம் சொல்கிறேன்.

விடியும் முன்பே மோட்டாரைப் போட வேண்டும். மும்முனை மின்சாரம் எப்போது வருகிறதோ அப்போதுதான் என் வேலை நேரம். மின்னழுத்தம் குறைவாக இருக்கும்போது அவசரப்பட்டு இயக்கினால் மோட்டார் எரிந்துவிடும்; பிறகு அதைத் தூக்கி, காயில் கட்டி, இறக்கும்வரை ஊரே தவிக்கும். தொட்டியைக் கழுவி, கழுவிய தேதியையும் அடுத்துக் கழுவ வேண்டிய தேதியையும் தொட்டிச் சுவரில் எழுதுகிறேன். பிளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் கரைத்து, தெளிந்த நீரைத்தான் ஊற்ற வேண்டும். அப்படியே கொட்டினால் அடியில் சுண்ணாம்பாகப் படியும். கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். மருந்து வாடை அடிக்கிறது என்று சிலர் சண்டைக்கு வருகிறார்கள். அந்த லேசான வாடைதான் உங்கள் பிள்ளையைக் காக்கிறது.

மாதக் கட்டணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இருபது லிட்டர் கேனுக்குக் கடையில் யோசிக்காமல் பணம் கொடுப்பவர்கள், ஊராட்சிக் கட்டணம் என்றால் "அரசாங்கத் தண்ணீருக்கு எதற்கு?" என்கிறார்கள். வால்வு வாஷர் தேய்ந்தால் வாங்க ஊராட்சியில் பணம் இருக்க வேண்டாமா? குழாய் பதிக்கும் பணம் மேலிருந்து வந்தது. அதை ஓட்டும் பணம் ஊரிலிருந்துதான் வர வேண்டும். என்னைப் போன்றவர்களுக்குச் சம்பளமும் மாதாமாதம் வந்தால் மிகவும் நன்றாக இருக்கும்.

தென்மாவட்டத் தம்பிக்கு ஒன்று. குழாயில் தண்ணீர் வராததற்கு நீராதாரம் மட்டும்தான் காரணம் என்று முடிவு செய்துவிடாதீர்கள். உங்கள் தொட்டி நிறைகிறதா என்று முதலில் பாருங்கள். நிறைந்தும் வரவில்லை என்றால் வழியில் ஒரு வால்வு மூடியிருக்கலாம், அல்லது புதிய குழாயைத் தொட்டியோடு இணைக்காமலே விட்டிருக்கலாம். இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன்.

பட்டதாரி இளைஞர், தென்மாவட்டம்:

நன்றி அண்ணா. இன்று மாலையே எங்கள் தொட்டி இயக்குபவரோடு போய்ப் பார்த்தேன். தொட்டி பாதிதான் நிறைகிறது. அதிலிருந்து எங்கள் தெருவுக்கான புதிய குழாய் இணைக்கப்படவே இல்லை, முனை மூடியோடு மண்ணுக்குள் கிடக்கிறது. படம் எடுத்திருக்கிறேன். மே 1 கிராம சபையில் மூன்று கேள்விகளை எழுத்தில் கொடுக்கப் போகிறேன்: அந்த இணைப்பு எந்தத் தேதியில் கொடுக்கப்படும், தொட்டியின் மறுபாதியை நிறைக்க எந்த நீராதாரம், அதுவரை பட்டியலில் எங்கள் தெருவின் பெயரை நீக்குவார்களா. டீச்சர் அம்மா, மனுவைத் தட்டச்சு செய்து அனுப்புகிறேன். ஒரு முறை பார்த்துத் திருத்திக் கொடுங்கள்.