புதுப்பிப்பு: டிடிகே பட்டன் ஒருவழியாகச் சிவப்பானது
விண்டோஸில், டிகிண்டரில் (பைத்தான் மொழியில் ஜன்னல், பட்டன் எல்லாம் செய்ய உதவும் நூலகம்) எழுதிய என் செயலியின் ‘அழி’ பட்டனுக்கு, அதாவது டிகிண்டரின் டிடிகே என்ற தீம் சார்ந்த பகுதியில் செய்த பட்டனுக்கு, சிவப்புப் பின்னணி கொடுத்தும் சாம்பலாகவே நிற்கிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

தீம் (பட்டன்களின் மொத்தத் தோற்றம்) மாற்றச் சொன்ன யோசனைதான் பலித்தது. விண்டோஸில் இயல்பாக வரும் ‘விஸ்டா’ தீமில் பட்டனை விண்டோஸே வரைகிறது. நாம் சொல்லும் நிறம் அதன் காதில் ஏறாது. அதனால் டிடிகேயே வரையும் ‘கிளாம்’ தீமுக்கு மாறினேன்.

முதலில் அதுவும் வேலை செய்யவில்லை! ஸ்டைல் அமைப்புகள் (நாம் கொடுக்கும் நிறம் போன்றவை) அந்தந்தத் தீமோடு ஒட்டியவை. நானோ நிறத்தைக் கொடுத்துவிட்டு அப்புறம் தீமை மாற்றியிருந்தேன். வரிசையைத் திருப்பிப் போட்டதும் சரியானது.

எதிர்பாராத இன்னொன்று: மவுஸ் மேலே போனதும் பட்டன் வெளிர்சாம்பலானது. வழக்கமான நிறத்தைக் கொடுக்கும் ‘கான்ஃபிகர்’ மட்டும் போதாது. நிலைக்கேற்ப நிறம் கொடுக்கும் ‘மேப்’பில், மவுஸ் மேலே இருக்கும் ‘ஆக்டிவ்’ நிலைக்கும் அடர்சிவப்பு கொடுத்த பிறகே அடங்கியது. கடைசியாக, நாம் வைக்கும் ஸ்டைல் பெயர் ‘.டிபட்டன்’ (.TButton) என்று முடியாவிட்டால் லேஅவுட் (பட்டனின் உள்ளமைப்பு) இல்லை என்று பிழை வரும். அதில் அரை மணி நேரம் போனது.