பாட்ரோனி கிளஸ்டரில் ஃபெயில்ஓவர் நேரத்தைக் குறைப்பது எப்படி?

கேள்வி:
போஸ்ட்கிரெஸ் 15 டேட்டாபேஸ், மூன்று நோடு (ஒன்று எழுதும் பிரைமரி, மற்றவை அதன் நகலான ஸ்டாண்ட்பை), பிரைமரி விழுந்தால் ஸ்டாண்ட்பை ஒன்றைத் தானாகப் பிரைமரியாக்கும் (ஃபெயில்ஓவர்) பாட்ரோனி, யார் பிரைமரி என்பதை லீடர் கீயாகப் பதிந்து வைக்கும் எட்சிடி தனியாக மூன்று, முன்னால் ஆப்களைப் பிரைமரிக்கு அனுப்பும் ஹெச்ஏபிராக்ஸி. பாட்ரோனியில் எல்லாமே டீஃபால்ட்: டிடிஎல் (லீடர் கீயின் ஆயுள்) 30, லூப்_வெயிட் (அதைப் புதுப்பிக்கும் இடைவெளி) 10, ரீட்ரை_டைம்அவுட் (எட்சிடி பதிலுக்குக் காத்திருக்கும் நேரம்) 10 வினாடி. ஹெச்ஏபிராக்ஸியில் இன்டர் 3எஸ் (நோடைச் சோதிக்கும் இடைவெளி), ஃபால் 3 (இத்தனை தோல்விக்குப் பின் டவுன்), ரைஸ் 2 (இத்தனை வெற்றிக்குப் பின் அப்). கையால் ஸ்விட்ச்ஓவர் (திட்டமிட்டு பிரைமரியை மாற்றுவது) செய்தால் மூன்று நாலு வினாடிதான். பிரைமரியின் பவர் கேபிளைப் பிடுங்கினால் மறுபடி எழுத 35 வினாடி வரை ஆகிறது. அதைவிடத் தலைவலி, சில ஆப் கனெக்‌ஷன்கள் கால் மணி நேரம் அப்படியே தொங்குகின்றன. டிடிஎல்-ஐ 5 ஆக்கினால் தீருமா?

பதில் 1:
5 வைக்க முடியாது, டிடிஎல்லுக்குக் குறைந்தபட்சம் 20.

ஸ்விட்ச்ஓவரில் பழைய பிரைமரியே லீடர் கீயை விட்டுக்கொடுத்துவிடும், அதனால் வேகம். கரண்ட் போனால் கொடுக்க ஆள் இல்லை. கீ தானாகக் காலாவதியாக வேண்டும். 10 வினாடிக்கு ஒருமுறை புதுப்பிப்பதால், சாகும்போது அதில் 20 முதல் 30 வினாடி ஆயுள் மிச்சம் இருக்கும். பிறகு புரமோஷன் (ஸ்டாண்ட்பை பிரைமரியாவது), அதன்மேல் ரைஸ் 2 × 3 என்று 6 வினாடி வரை. உங்கள் 35 இதுதான்.

பாட்ரோனிசிடிஎல் எடிட்-கான்ஃபிக் திறந்து டிடிஎல் 20, லூப்_வெயிட் 5, ரீட்ரை_டைம்அவுட் 5 வையுங்கள். லூப்_வெயிட்டோடு இரண்டு மடங்கு ரீட்ரை_டைம்அவுட்டைக் கூட்டினால் டிடிஎல்லைத் தாண்டக்கூடாது. இங்கே 15, சரி. கீக்காகக் காத்திருப்பது 15–20 வினாடியாக இறங்கும். ஹெச்ஏபிராக்ஸியில் இன்டர் 1எஸ், ரைஸ் 1. கரண்ட் போகும் கேஸில் ஃபாலைக் குறைத்து ஃபெயில்ஓவர் நேரத்தில் பெரிதாக மிச்சம் பிடிக்க முடியாது, அது டிடிஎல் ஓடும்போதே கூடவே ஓடி முடிந்துவிடும்.

பதில் 2:
கால் மணி நேரத் தொங்கலுக்குக் காரணம் லினக்ஸின் டிசிபி_ரீட்ரைஸ்2 (பதில் வராத டேட்டாவை எத்தனை முறை மறுபடி அனுப்புவது என்ற செட்டிங்). டீஃபால்ட் 15 முறை மறுஅனுப்பல், கூட்டினால் சுமார் 924 வினாடி. ஆப்பின் கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்கில் டிசிபி_யூசர்_டைம்அவுட் 10000 (மில்லிவினாடி) கொடுங்கள், லிப்பிக்யூ (போஸ்ட்கிரெஸின் கிளையன்ட் லைப்ரரி) 12-இலிருந்து உண்டு.

பதில் 3:
காரணம் சரி, மருந்து இங்கே வேலை செய்யாது. ஆப் பேசுவது ஹெச்ஏபிராக்ஸியோடு. அது உயிரோடு இருந்து ஆப்புக்கு ஏசிகே (டேட்டா வந்து சேர்ந்தது என்ற பதில்) அனுப்பிக்கொண்டே இருக்கும், எனவே ஆப் பக்கத்து டைமர் எழவே எழாது. செத்த நோடுக்கு மறுஅனுப்பல் செய்துகொண்டு கிடப்பது ஹெச்ஏபிராக்ஸிதான். டீஃபால்ட்-சர்வர் வரியில் ஆன்-மார்க்ட்-டவுன் ஷட்டவுன்-செஷன்ஸ் இருக்கிறதா? இருந்தால் நோடு டவுன் என்று குறித்ததும் பழைய செஷன்களை அதுவே வெட்டிவிடும். நேரடியாக போஸ்ட்கிரெஸுக்குப் போகும் பேட்ச் ஜாப்களுக்கு மட்டும் பதில் 2-இல் சொன்னது பொருந்தும்.

டிடிஎல்லைக் குறைக்கும் முன் எட்சிடியின் டிஸ்க்கைப் பாருங்கள். எஃப்சிங்க் (டேட்டாவை டிஸ்க்கில் உறுதியாக எழுதுவது) நேரம் 99-ஆம் பெர்சென்டைலில் 10 மில்லிவினாடிக்குள் இருக்க வேண்டும். எட்சிடி தடுமாறி ரீட்ரை_டைம்அவுட்டுக்குள் பதில் தராவிட்டால், நன்றாக ஓடும் பிரைமரியை பாட்ரோனி டிமோட் செய்துவிடும் (ஸ்டாண்ட்பையாக இறக்கிவிடும்). வேகம் கேட்கப்போய்த் தேவையில்லாத ஃபெயில்ஓவரை வரவழைத்த கதையாகும். பாட்ரோனி 3.0 அல்லது அதற்கு மேல் என்றால் ஃபெயில்சேஃப்_மோட் ட்ரூ வையுங்கள்; எட்சிடி கிடைக்காதபோது மற்ற நோடுகள் எல்லாம் பதில் தந்தால் பிரைமரி டிமோட் ஆகாது.

கேள்வி கேட்டவர்:
அந்த வரி இல்லை, சேர்க்கிறேன். ஒரு ஸ்டாண்ட்பையில் ரிப்போர்ட் குவெரிகள் ஓடுகின்றன, மேக்ஸ்_ஸ்டாண்ட்பை_ஸ்ட்ரீமிங்_டிலே -1. இதனால் தாமதம் வருமா?

பதில் 3:
வரும். -1 என்றால் முரண்படும் குவெரி முடியும்வரை ரீப்ளே (பிரைமரியின் மாற்றங்களை ஸ்டாண்ட்பையில் செயல்படுத்துவது) காத்திருக்கும். வால் (WAL, அந்த மாற்றங்களின் லாக்) வந்து சேர்ந்திருக்கும், அப்ளை ஆகியிருக்காது. அந்த நோடைத் தேர்ந்தெடுத்தால், வந்ததை எல்லாம் ரீப்ளே செய்து முடித்தபின்தான் புரமோட் ஆகும்; அது நிமிடக்கணக்கிலும் போகலாம். மேக்சிமம்_லேக்_ஆன்_ஃபெயில்ஓவர் (எவ்வளவு பின்தங்கிய நோடு வரை பிரைமரியாகலாம் என்ற வரம்பு) இதைத் தடுக்காது, அது வந்து சேர்ந்த வாலையும் கணக்கில் எடுக்கிறது. அந்த நோடின் டேக்ஸில் நோஃபெயில்ஓவர் ட்ரூ போட்டுவிடுங்கள், அது பிரைமரியாகாது. அப்புறம் மாற்று ஒன்றுதான் மிஞ்சும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

பதில் 1:
கேபிளோடு நிறுத்தாமல் போஸ்ட்கிரெஸ் பிராசஸை மட்டும் கில் -9 செய்தும் பாருங்கள். அப்போது பாட்ரோனி உயிரோடு இருப்பதால் ஃபெயில்ஓவர் செய்யாமல் அதே நோடில் மறுபடி ஸ்டார்ட் செய்யும். அதற்குக் காத்திருக்கும் நேரமான பிரைமரி_ஸ்டார்ட்_டைம்அவுட் டீஃபால்ட் 300 வினாடி. மேக்ஸ்_வால்_சைஸ் பெரிதாக இருந்தால் கிராஷ் ரிகவரியே அதில் கணிசமான பகுதியைத் தின்னக்கூடும். 0 வைத்தால் உடனே மாறப் பார்க்கும், ஆனால் ரெப்ளிகேஷன் அசிங்க் (ஸ்டாண்ட்பைக்குப் போய்ச் சேரக் காத்திராதது) என்றால் கடைசி சில டிரான்ஸாக்‌ஷன்கள் போகலாம். பணம் சம்பந்தப்பட்ட டேட்டாபேஸ் என்றால் சிங்க்ரனஸ்_மோட் (ஸ்டாண்ட்பைக்குப் போய்ச் சேர்ந்ததை உறுதிசெய்வது) இல்லாமல் 0 வைக்காதீர்கள்.