உவெனோவில் கண்ட சீட்டித் துணிகள்

டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்துக்குச் செல்பவர்களில் பலர் சாமுராய் வாள்களையும் கவசங்களையுமே முதலில் தேடுகிறார்கள். நானும் அவற்றை நின்று பார்த்தேன். ஆயினும் என் மனத்தில் ஆழப் பதிந்தவை தேநீர்ச் சடங்குக்கான கலங்கள் வைக்கப்பட்டிருந்த சிறிய அறையும், அதைப் பார்த்தபின் வேறொரு கட்டடத்தில் கண்ட பழைய பருத்தித் துணித் துண்டுகளும்தான். அவற்றைப் பற்றியே எழுத விரும்புகிறேன்.

1872ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்த அருங்காட்சியகம் உவெனோ பூங்காவில் இருக்கிறது. முன்பிருந்த கட்டடம் 1923ஆம் ஆண்டின் பெரும் நிலநடுக்கத்தில் சிதைந்ததால் புதிதாகக் கட்டப்பட்டு, 1938இல் திறக்கப்பட்டதே இன்றைய முதன்மைக் கட்டடமான ஹொன்கான். அதன் மேல்தளத்தில் வரலாற்றுக்கு முந்தைய ஜோமோன் காலச் சுடுமண் கலங்களில் தொடங்கி, 19ஆம் நூற்றாண்டில் முடிந்த எதோ (Edo) காலம் வரையிலான ஜப்பானியக் கலை கால வரிசையில் விரிகிறது. தேநீர் அறையும் அங்கேதான்.

நான் சென்றபோது அங்கே இளம்பச்சை மெருகேற்றிய ஒரு சீனக் கிண்ணம் இருந்தது. 13ஆம் நூற்றாண்டில் லுங்சுவான் சூளைகளில் சுடப்பட்ட அதன் பெயர் பக்கோஹான். 15ஆம் நூற்றாண்டில் அது ஜப்பானின் படைத்தலைமை ஆட்சியாளரான ஷோகுன் அஷிகாகா யோஷிமாசாவிடம் இருந்ததாகவும், விரிசல் கண்டதும் அதற்கு இணையான வேறொன்றைக் கேட்டு அவர் அதைச் சீனாவுக்கு அனுப்பியதாகவும், அத்தகைய கிண்ணம் இனிக் கிடைக்காது என்று சொல்லி விரிசலை உலோகக் கொக்கிகளால் இணைத்து அங்கிருந்தவர்கள் திருப்பி அனுப்பியதாகவும் ஒரு மரபுச் செய்தி உண்டு. அந்தக் கொக்கிகளை மறைக்க எவரும் முயலவில்லை. தேநீர்க் கலையில் தோய்ந்தவர்கள் அவற்றுக்காகவே அந்தக் கிண்ணத்தை மேலும் போற்றினார்கள். குறை தெரியும்படியே ஒரு பொருளைப் பேணுவதற்கு எவ்வளவு முதிர்ந்த ரசனை வேண்டும் என்று அதன்முன் நின்றபோது எண்ணிக்கொண்டேன்.

அதே அறையில், தேயிலைத் தூள் வைக்கும் சிறு சாடிகளோடு அவற்றுக்கான துணிப் பைகளும் இருந்தன. தேநீர் அருந்தி முடித்த விருந்தினர் சாடியைக் கையிலெடுத்துப் பார்த்து அதன் வரலாற்றைக் கேட்பதோடு நில்லாமல், பையின் துணி எங்கிருந்து வந்தது என்றும் கேட்பது அந்தச் சடங்கின் முறை. இதை அறிந்திருந்ததால்தான், ஆசியக் கலைக்கென 1968இல் திறக்கப்பட்ட தோயோகான் கட்டடத்தின் நிலவறைத் தளத்தில் ஹிக்கோனே சரசா (சரசா என்பது வண்ண உருவங்கள் இட்ட பருத்தித் துணிக்கான ஜப்பானியப் பெயர்) என்னும் துணித் துண்டுகளைக் கண்டபோது அவற்றின் மதிப்பு எனக்கு விளங்கியது.

ஜப்பானின் ஹிக்கோனே பகுதியை ஆண்ட ‘ஈ’ என்னும் பெயருடைய குடும்பம் தலைமுறைகளாகப் பாதுகாத்து வந்த, ஏறத்தாழ 450 துண்டுகள் கொண்ட தொகுப்பு அது. தேநீர்க் கலையில் பெரும் ஈடுபாடு கொண்டிருந்தவரும் 1860இல் எதோ (இன்றைய டோக்கியோ) கோட்டை வாயிலருகே கொல்லப்பட்டவருமான ஈ நவோசுகே இக்குடும்பத்தவரே. இந்தியாவில் சாயமிடப்பட்ட சீட்டித் துணிகளே இத்தொகுப்பின் உயிர். சோழமண்டலக் கரையிலிருந்து சென்றவையும் அவற்றில் உண்டு. டச்சுக் கிழக்கிந்திய நிறுவனம் பழவேற்காட்டிலும் பின்னர் நாகப்பட்டினத்திலும் நிலைகொண்டு வாங்கிய துணிகள் பத்தேவியா (இன்றைய ஜகார்த்தா) வழியாக நாகசாக்கித் துறைமுகத்தின் தெஜிமா தீவை அடைந்தன. துவைத்தாலும் மங்காத அந்தச் சிவப்பு ஜப்பானியரை வியக்க வைத்தது.

அந்தச் சிவப்பின் பின்னால் இருந்த உழைப்பை நம்மவர்கள் அறிந்திருக்க வேண்டும். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரக் கரைசலாலும் கறுப்பு வேண்டிய இடத்தில் இரும்புக் கரைசலாலும் எழுதி, பிறகு துணியைச் சாயவேர்ச் சாற்றில் காய்ச்சுவார்கள்; நீலத்துக்கு, மற்ற இடங்களை மெழுகால் மூடிவிட்டு அவுரித் தொட்டியில் தோய்ப்பார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் இடையே கழுவலும் வெயிலில் உலர்த்தலும் உண்டு. கண்ணாடிக்குள் இருந்த ஒரு துண்டில், ஒரு சிறு பூவின் ஓரத்தில் கறுப்புக் கோடு மயிரிழையாக ஓடியது. அதை வரைந்த கையின் பெயர் எந்த ஆவணத்திலும் இல்லை. துணியோ அதைக் காத்துவைத்த ஊரின் பெயரையே தாங்கி நிற்கிறது. இது எனக்கு வருத்தம் தந்தது. ஆனால் நம் ஊரில் உடுத்திக் கிழிந்து மறைந்துபோன துணிகளின் உறவுகளை, கையகலத் துண்டைக்கூட வீணாக்காமல் அவர்கள் காத்திருக்கிறார்கள் என்பதற்கு நன்றியும் தோன்றியது.

செல்ல விரும்புவோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒளியால் நிறம் வெளுத்துவிடும் என்பதால் துணிகளும் ஓவியங்களும் சில வாரங்களுக்கு ஒருமுறை மாற்றப்படுகின்றன. தேசியப் பொக்கிஷமான ஹசெகாவா தோஹாக்குவின் பைன் மர மடிப்புத் திரைகள்கூட எல்லா நாட்களிலும் காட்சியில் இருப்பதில்லை. ஆகவே புறப்படுமுன் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் அன்றைய காட்சிப் பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஹொன்கானின் தேநீர் அறையை முதலில் பார்த்துவிட்டு, அதன் பிறகே தோயோகானின் நிலவறைத் தளத்துக்கு இறங்குங்கள். அந்தத் துணிகள் எதற்காகப் போற்றப்பட்டன என்பது அப்போதுதான் புரியும்.