கொசுவைக் கொல்லும் வைரஸ்: நம்பி இறங்கலாமா?

மழைமேகம்:
மருந்தடித்து மருந்தடித்து கொசுவுக்கு எதிர்ப்புசக்தி வளர்ந்ததுதான் மிச்சம். கொசுவுக்கே நோய் கொடுக்கும் வைரஸ்கள் இயற்கையில் இருக்க, அவற்றை ஏன் ஒதுக்கி வைத்திருக்கிறோம்? டெங்கு பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசுவைத் தாக்கும் டென்சோவைரஸ் பற்றி 1972-லேயே எழுதிவிட்டார்கள். கொசுப்புழுவின் வால்நுனியில் இதழ் போல நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி வழியாக அது உள்ளே நுழைகிறது.

கல்லுளி:
அரை நூற்றாண்டு ஆகிவிட்டதே நண்பரே, ஏன் பரவலாகப் புழக்கத்துக்கு வரவில்லை? சோவியத் நாட்டில் அந்த வைரஸை விரோடென் என்ற பெயரில் கொசுமருந்தாகத் தயாரித்தும் பார்த்தார்கள். பொரிந்ததும் வைரஸ் தொற்றிய பிஞ்சுப் புழு சாகும். முற்றின புழு தப்பித்து, கொசுவாகிப் பறந்துவிடும். மலேரியா பரப்பும் அனாபிலிஸ் காம்பியே கொசுவில் 2008-இல் கண்ட டென்சோவைரஸோ கொசுவைப் பெரிதாகப் பாதிப்பதே இல்லை.

மழைமேகம்:
அந்தத் தப்பித்த கொசுவைத்தான் நான் நம்புகிறேன்! அதன் ஆயுள் குறைகிறது. டெங்கு கிருமி கொசுவின் வயிற்றிலிருந்து எச்சில் சுரப்பிக்கு வந்துசேர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் கொசு செத்தால் நோய் பரவாது. அதோடு, முட்டையிடப் போகிற இடத்துக்கு வைரஸையும் அதுவே கொண்டுபோகும். மரப்பொந்துத் தண்ணீரை நாம் தேடி அலைய வேண்டாம், கொசு தேடிப் போகும்.

வேம்பு:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். ஆய்வகத்தில் புழு வளர்த்தவள் நான். 1997-இல் ஃப்ளோரிடாவில் கியூலெக்ஸ் கொசுவில் ஒரு பாக்குலோவைரஸ் (பூச்சிகளைத் தாக்கும் இன்னொரு வைரஸ் வகை) கிடைத்தது. அது தொற்றிய புழுவை நுண்ணோக்கியில் வைத்தால் தோல் வழியாகவே நடுக்குடல் வெள்ளை வெளேரென்று தெரியும். மூன்று நான்கு நாளில் கதை முடிந்துவிடும். ஆனால் தண்ணீரில் மெக்னீசியம் இருந்தால்தான் அது தொற்றும், கால்சியம் இருந்தால் தடைபடும். ஒரே வைரஸ், ஒரு குட்டையில் கொல்லும், பக்கத்துக் குட்டையில் ஒன்றும் செய்யாது. இதைச் சொல்லாமல் வாதம் செய்வதில் அர்த்தமில்லை.

கல்லுளி:
சரியாகச் சொன்னீர்கள் அம்மா. இன்னொன்றும் உண்டு. 1950-இல் ஆஸ்திரேலியாவில் முயல்களை ஒழிக்க மிக்சோமா வைரஸை விட்டார்கள். முதலில் கொத்துக்கொத்தாகச் செத்தன. சில ஆண்டுகளிலேயே வைரஸின் வீரியமும் குறைந்தது, முயலும் தாங்கப் பழகியது. கொசுவின் தலைமுறை இரண்டே வாரம், அது எவ்வளவு வேகமாகப் பழகும்? 1976-இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் கிடைத்த பிடிஐ பாக்டீரியா ஒரே நாளில் புழுவைக் கொல்கிறதே, அது போதாதா?

மழைமேகம்:
பிடிஐ நல்ல மருந்து, மறுக்கவில்லை. ஆனால் அடியில் படிந்து வீரியம் போய்விடும், திரும்பத் திரும்பப் போட வேண்டும். பெருகிக்கொண்டே போவது வைரஸ்தான். முயல் உதாரணம் மட்டும் எனக்கு உறைக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

வேம்பு:
அப்படியென்றால் முதல் வேலை இதுதான்: வலையடைத்த கூண்டுக்குள் பத்துத் தலைமுறை வளர்த்து, தலைமுறைக்கு எத்தனை புழு சாகிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஐந்தாவது தலைமுறையிலேயே சாவு குறைந்தால் கல்லுளி சொன்னது சரி. குறையாவிட்டால் உங்கள் பக்கம் நானும் வருகிறேன்.