அப்பன் ரத்தம் என்கிறார்களே, நிஜமா?

பூம்பாறை அத்தை:
அண்ணன் மகனுக்குப் பதினாறு வயது. போன வாரம் பக்கத்து வீட்டுப் பரணில் காயவைத்திருந்த மலைப்பூண்டில் ஒரு மூட்டையைத் தூக்கிவிட்டான். பிடித்து உட்காரவைத்தபோது விரல்நகத்தில் பூண்டுத் தோல் ஒட்டியிருந்தது. தலை நிமிரவே இல்லை. அண்ணனும் ஒரு காலத்தில் ஜெயிலுக்குப் போனவர். "அப்பன் ரத்தம்" என்கிறது ஊர். எனக்கு மனசே ஆறவில்லை.

கொடைக்கானல் வாத்தியார்:
அக்கா, அந்தப் பேச்சை நம்பாதீர்கள். 1876-ல் இத்தாலிய மருத்துவர் லொம்ப்ரோசோ, பிறவிக் குற்றவாளியைத் தாடையையும் மண்டையோட்டையும் வைத்தே கண்டுபிடிக்கலாம் என்றார். பின்னால் கைதிகளை அளந்து பார்த்தவர்களிடம் அது நிற்கவில்லை. நம் நாட்டிலோ 1871-ல் வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டு, பிறப்பை வைத்தே முழுச் சமூகங்களைப் பட்டியலில் சேர்த்தான். நாடு முழுக்க அது ஒழிய 1952 ஆனது.

பண்ணைக்காடு நர்ஸ்:
மரபணுவுக்குப் பங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2002-ல் வெளியான நியூசிலாந்து ஆய்வில், மூளை ரசாயனத்தோடு தொடர்புள்ள ஒரு மரபணு மந்தமாக இருந்த ஆண்களில், சிறுவயதில் கொடுமைப்பட்டவர்களிடம்தான் வன்முறை கூடுதலாகத் தெரிந்தது. சரி, வீட்டில் அடி வாங்கினானா?

பூம்பாறை அத்தை:
வாங்கினான் தங்கச்சி. அண்ணன் குடித்துவிட்டு வந்தால் பெல்ட்தான்.

கொடைக்கானல் வாத்தியார்:
யாரோடு சுற்றுகிறான்? குற்றமும் நெருங்கிப் பழகுகிறவர்களிடம் கற்றுக்கொள்வதுதான் என்றார் அமெரிக்கக் குற்றவியல் அறிஞர் சதர்லேண்ட்.

பூம்பாறை அத்தை:
ஜீப் ஓட்டும் இரண்டு பையன்களோடு. மூட்டையை ஏற்றியதும் அந்த ஜீப்பில்தான். நாளைக்கே அவனை என் வீட்டுக்குக் கூட்டி வருகிறேன்.