ஸ்கோப்பா, மவுண்டா: எங்கள் குடும்பக் குழுவில் ஓடிய பேச்சு

*வெள்ளிக்கிழமை*

நான் (மாலை 6:42): மாமா, அக்கா, ஒரு உதவி வேண்டும். ஏர் ரைஃபிளில் போன வாரம் எல்லாக் குண்டும் ஒரு பொத்தான் அளவுக்குள் விழுந்தன. இன்று முப்பது குண்டுக்குப் பிறகு கொத்தாக மேலே ஏறிவிட்டது. ஸ்கோப்பை, அதாவது மேலே உள்ள குறிபார்க்கும் தொலைநோக்கியை, திருப்பிச் சரிசெய்தேன். பத்துக் குண்டில் மறுபடியும் நகர்ந்தது. ஸ்கோப் கெட்டுவிட்டதா? புதிதாக வாங்க வேண்டுமா?

அக்கா (6:44): ஸ்கோப்பைக் குறை சொல்லாதே. அதைத் துப்பாக்கியில் பிடித்துவைக்கும் மவுண்டைப் படம் எடுத்துப் போடு.

நான் (6:49): (படம்)

அக்கா (6:50): ரெயிலில் (மவுண்ட் கவ்வும் மேல்தடம்), ஸ்கோப்பைச் சுற்றிப் பிடிக்கும் பின்பக்க ரிங்குக்கு முன்னால் பளபளவென்று ஒரு கீறல் தெரிகிறதே, அது ரிங் சறுக்கிப்போன தடம்டா.

அப்பா (6:53): அவ்வளவு சின்ன உதைக்கு எப்படிச் சறுக்கும்? வெறும் காற்றுத் துப்பாக்கிதானே?

மாமா (7:05): அத்தான், ஸ்பிரிங் ஏர் ரைஃபிளின் உதை ஒரு தனி ரகம். பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் வருகிறது. குழாயின் முனையில் காற்று மெத்தையில் மோதி பிஸ்டன் நின்றதும், துப்பாக்கி முன்னால் வெட்டி இழுக்கிறது. அந்த இரண்டாவது வெட்டில் ஸ்கோப் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும், ரெயில் அதன் அடியில் முன்னால் ஓடும். அதனால் ஒவ்வொரு குண்டுக்கும் மவுண்ட் இம்மி இம்மியாகப் பின்னால் வரும். தோட்டா துப்பாக்கியில் இது தலைகீழ். அங்கே ஸ்கோப் முன்னால் போகப் பார்க்கும்.

மாமா (7:06): மாப்பிள்ளை, ஒன்றும் வாங்காதே. முதலில் ஒரு சோதனை. துப்பாக்கியை மடக்கி, உள்ளே குண்டு இல்லை என்று கண்ணால் பார்த்துவிட்டுத் தொடங்கு. மவுண்டும் ரெயிலும் சேரும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. ஸ்கோப் குழாயும் ரிங்கும் சேரும் இடத்தில் மெல்லிய டேப் ஒட்டி இன்னொரு கோடு. இருபது குண்டு சுட்டுப் பார். முதல் கோடு விலகினால் மவுண்டின் பிடி போதவில்லை. இரண்டாவது விலகினால் ரிங்குக்குள் குழாய் நழுவுகிறது. இரண்டும் அசையாமல் கொத்து மட்டும் நகர்ந்தால்தான் ஸ்கோப்பைச் சந்தேகப்பட வேண்டும்.

நான் (7:08): சரி மாமா. நாளைக் காலை பார்த்துவிடுகிறேன்.

*சனிக்கிழமை*

நான் (காலை 9:31): முதல் கோடு கிட்டத்தட்ட 2 மி.மீ. விலகியிருக்கிறது. இரண்டாவது அப்படியே இருக்கிறது.

அக்கா (9:32): அப்படியானால் உன் ஸ்கோப் தப்பித்தது 👍

நான் (9:40): மலிவாக ஒரு மவுண்ட் பார்த்து வைத்திருக்கிறேன். நெம்புகோலைத் தள்ளினால் ஒரு நொடியில் கழற்றிவிடலாம். பிக்காட்டினி வகை. (படம்)

அக்கா (9:43): வேண்டாம்டா. உன் துப்பாக்கியில் இருப்பது டவ்டெயில் (ஓரங்கள் சாய்வாக வெட்டிய ரெயில்), பிக்காட்டினி (குறுக்கே பள்ளங்கள் உள்ள ரெயில்) இல்லை. நடுவில் ஒரு அடாப்டர் போட வேண்டியிருக்கும். அப்போது நழுவக்கூடிய இடம் ஒன்று கூடிவிடும். அதோடு நீ எதற்காக அடிக்கடி கழற்றப் போகிறாய்? குறைந்த விலையில் நெம்புகோலும் தந்து நல்ல பிடியும் தருவது கடினம். அந்தப் பணம் திருகுக்கும் உலோகத்துக்கும் போகட்டும்.

அக்கா (9:51): நான் முதலில் வாங்கிய மவுண்ட் பற்றிச் சொல்கிறேன். பார்க்கக் கெட்டியாக இருந்தது. இரண்டாவது முறை இறுக்கும்போதே ஸ்க்ரூ தலையின் அறுகோணம் உருண்டுபோனது, கழற்றவே வழியில்லை. கடைசியில் துளையிட்டுத்தான் எடுத்தோம். குழாயில் பட்ட கீறல் இன்றும் இருக்கிறது. அன்றிலிருந்து ஸ்க்ரூவைப் பார்க்காமல் மவுண்ட் வாங்குவதில்லை. நட்சத்திரத் தலை இருந்தால் அதையே எடு, எளிதில் உருளாது.

மாமா (10:15): அக்கா சொல்வது சரி. உனக்கு வேண்டியது டவ்டெயிலுக்கான ஒரே துண்டு மவுண்ட். ரிங் இரண்டும் ஒரே அடிக்கட்டையில் இருக்கும், ரெயிலை நீளமாகக் கவ்வும். அடியில் மூன்று நான்கு கவ்வு ஸ்க்ரூ, ஒவ்வொரு ரிங்குக்கும் மேலே நான்கு ஸ்க்ரூ. மிக முக்கியமாக, ஸ்டாப் பின் (சறுக்காமல் தடுக்கும் சிறு முளை) இருக்க வேண்டும். உன் ரெயிலின் பின்பக்கம் மேலே ஒரு சிறு துளை இருக்கிறதா பார்.

நான் (10:19): இருக்கிறது! இவ்வளவு நாள் எண்ணெய் விடும் துளை என்று நினைத்திருந்தேன்.

மாமா (10:22): அதில் எண்ணெய் விடாதே. ஸ்டாப் பின் இறங்கி உட்கார வேண்டிய இடம் அது. அந்த முளை அங்கே நின்றால், பின்னால் தள்ளும் விசையைத் திருகுகளின் பிடி மட்டும் தனியாகத் தாங்க வேண்டியதில்லை. பழைய மவுண்டில் ஸ்டாப் பின் இல்லவே இல்லை, படத்திலேயே தெரிகிறது.

மாமா (10:24): ரெயிலின் அகலத்தையும் காலிப்பரில் அளந்துவிடு. 11 மி.மீ. என்று பொதுவாகச் சொல்வார்கள், ஆனால் 9.5 மி.மீ. ரெயிலும் உண்டு, அதைவிட அகலமானதும் உண்டு. கவ்வு பாதி மட்டும் பதிந்தால் எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை.

சித்தப்பா (10:40): குறுக்கே பேசுகிறேன். என் ரைஃபிளில் பிக்காட்டினி ரெயில். வீவர் என்ற இன்னொரு வகை ரெயிலுக்கான ரிங் ஒரு ஜோடி சும்மா கிடக்கிறது. போடலாமா?

மாமா (10:52): பெரும்பாலும் போடலாம். பிக்காட்டினி பள்ளம் 5.23 மி.மீ., வீவர் பள்ளம் 4.57 மி.மீ. வீவர் ரிங்கின் குறுக்குக் கம்பி சிறியது, பெரிய பள்ளத்தில் இறங்கிவிடும். பிக்காட்டினி ரிங்கை வீவர் ரெயிலில் போடுவதுதான் நடக்காது. ஒன்று மட்டும் கவனியுங்கள். கம்பிக்கும் பள்ளத்துக்கும் இடைவெளி இருக்கும் அல்லவா, இறுக்கும் முன் ரிங்கைக் குழல் முனைப் பக்கமாகத் தள்ளிப் பள்ளத்தின் முன்சுவரில் ஒட்டவைத்து அப்புறம் இறுக்குங்கள். உங்களுடையது தோட்டா துப்பாக்கி, ஸ்கோப் போக நினைக்கும் திசை அதுதான்.

சித்தப்பா (10:55): 20 எம்.ஓ.ஏ. (ஒரு எம்.ஓ.ஏ. என்பது டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) சாய்வு உள்ள மவுண்ட் வாங்கச் சொல்கிறார்களே?

மாமா (10:59): 100 மீட்டரில் அது ஏறக்குறைய 58 செ.மீ. வித்தியாசம். மிகத் தொலைவில் சுடுகிறவர்களுக்கு, ஸ்கோப்பின் திருகு வரம்பு தீர்ந்துபோகாமல் இருக்கத் தேவை. நீங்கள் 100 மீட்டரைத் தாண்டுவதில்லையே. நேரானதே போதும்.

நான் (11:10): உயரம் எப்படித் தேர்ந்தெடுப்பது? தாழ்வு, நடு, உயரம் என்று மூன்று இருக்கிறது. பொதுவாக எது?

அக்கா (11:18): அந்தப் பெயர்களை நம்பாதே, ஒவ்வொருவர் செய்யும் தாழ்வும் ஒவ்வோர் அளவு. கணக்குப் போடு. முன் லென்ஸ் கூட்டின் வெளி விட்டம் எவ்வளவு?

நான் (11:24): 48 மி.மீ. குழாய் 25.4 மி.மீ.

அக்கா (11:27): பாதி 24, குழாயின் பாதி 12.7. கழித்தால் 11.3. லென்ஸ் கூடு குழாயைவிட அவ்வளவு கீழே இறங்குகிறது. உன் துப்பாக்கியில் லென்ஸுக்கு அடியில் இருக்கும் பகுதி ரெயில் மட்டத்தைவிட மேலே வரவில்லை என்றால், ரெயில் மேற்பரப்பிலிருந்து குழாயின் அடி வரை 14 மி.மீ. இருந்தால் தாராளம். அதற்கு மேல் உயர்த்தினால் கன்னம் கட்டையில் சரியாகப் பதியாது, கழுத்தைத் தூக்கிக்கொண்டுதான் சுட வேண்டும்.

அப்பா (11:30): உலோகம் எதுவாக இருக்க வேண்டும்? எஃகு வாங்கிவிட்டால் கவலை இல்லையே?

மாமா (11:36): அலுமினியம் போதும் அத்தான். 7075 வகை 6061-ஐவிட நிறைய உறுதி, விலையும் கூடுதல். அவனுடைய துப்பாக்கிக்கு 6061 வகையே போதும். எஃகின் எடை இங்கே வீண், மவுண்ட் கனமாக இருந்தால் அந்த வெட்டில் நகரப் பார்க்கும் பாரமும் கூடும்.

*வியாழக்கிழமை*

நான் (மாலை 5:58): மவுண்ட் வந்துவிட்டது. ஒரே துண்டு, ஸ்டாப் பின் உண்டு, நட்சத்திரத் தலை. பார்த்து வைத்திருந்த நெம்புகோல் மவுண்டைவிட விலை கொஞ்சம் குறைவுதான்! எவ்வளவு இறுக்க வேண்டும்?

மாமா (6:10): முதலில் ஸ்டாப் பின்னைத் துளையில் உட்காரவைத்து, அடிக் கவ்வுகளைக் கெட்டியாக இறுக்கு. மேல் ஸ்க்ரூக்களைக் குறுக்குக் குறுக்காக, சிறிது சிறிதாக. ரிங்கின் இரு பக்க இடைவெளியும் சமமாக இருக்க வேண்டும். தயாரிப்பாளர் தாளில் அளவு இருந்தால் அதையே பின்பற்று, பொதுவாக ரிங் ஸ்க்ரூவுக்கு 2 நியூட்டன் மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். மேல் ஸ்க்ரூவுக்கு எண்ணெயோ பசையோ போடாதே. வழுக்கினால் அதே இறுக்கத்தில் பிடி கூடி, குழாய் நசுங்கிவிடும்.

அக்கா (6:12): இறுக்கும் முன் வழக்கம்போல் கன்னம் வைத்து, கண்ணை மூடித் திற. முழுவட்டமும் தெரியும் வரை ஸ்கோப்பை முன்னும் பின்னும் நகர்த்திப் பார். ஸ்கோப்புக்குள் தெரியும் குறுக்குக் கோடு நேராக நிற்கிறதா என்றும் பார், கடைசித் திருகில் அது சாய்ந்துவிடும்.

*ஞாயிற்றுக்கிழமை*

நான் (காலை 10:47): (படம்) அறுபது குண்டு. பென்சில் கோடு இரண்டும் அப்படியே இருக்கின்றன. கொத்து பழையபடி பொத்தான் அளவு. மாமா, அக்கா, மிக்க நன்றி ❤️

அக்கா (10:49): அழகு! கோடுகளை அழிக்காமல் வை. அடுத்த வாரமும் பார்ப்போம்.

மாமா (10:55): இன்று மாலை ஸ்க்ரூக்களை ஒருமுறை தொட்டுப் பார், மாப்பிள்ளை. முதல் ஐம்பது அறுபது குண்டில் எல்லாம் படிந்து ஒன்றிரண்டு கொஞ்சம் தளர்ந்திருக்கும்.

நான் (இரவு 7:20): பார்த்தேன் மாமா. அடிக் கவ்வில் ஒன்று கால் சுற்று ஏற்றது. மற்றவை அசையவில்லை.