சின்னமனூர் வீட்டுக் குழு: கார்த்தி வயித்து விஷயம்

*ஞாயிறு*

*அம்மா* காலை 7:10
கார்த்தி நேத்து ராத்திரி கோயம்புத்தூர்ல இருந்து வந்துட்டான். ஆளப் பாத்ததும் எனக்குப் பகீர்னு ஆயிருச்சு. போன தீபாவளிக்கு 64 கிலோ இருந்தான். காலைல மாவு மில்லுல நிறுத்துப் பாத்தா 55. ஒரு இட்லி தின்னுட்டு வயித்தப் புடிச்சுக்கிட்டு உக்காந்துர்றான்.

*பெரிய மாமா* காலை 7:14
எல்லாம் மெஸ் சாப்பாடு பண்ற வேல. குடல் ஏறியிருக்கும். உத்தமபாளையத்துல தொக்கம் எடுக்குற, அதான் வயித்துல சிக்குனத எடுத்து விடுற அம்மா ஒண்ணு இருக்காங்க, கூட்டிட்டு வா லட்சுமி. எண்ணெய் போட்டு வயித்தையும் தட்டி விட்டுருவாங்க.

*பெரியம்மா* காலை 7:21
சுண்டவத்தலும் ஓமமும் வறுத்துப் பொடி பண்ணி மோர்ல குடு. பால நிப்பாட்டிப் பாரு.

*நான்* காலை 7:40
பால நிப்பாட்டிப் பாத்தாச்சு பெரியம்மா. காரம், கோதுமை எல்லாமே நிப்பாட்டிப் பாத்தேன். ஒன்றரை வருஷமா கேஸ் மாத்திரை, பூச்சி மாத்திரைன்னு ஓடுது. வயித்து ஸ்கேன் நார்மல். வாய் வழியா டியூப் விட்டுப் பாத்தாங்க, அதுவும் நார்மல். கடைசியாப் பாத்த டாக்டர் ஐ.பி.எஸ்., அதாவது புண்ணு எதுவும் இல்லாமலே குடல் தொந்தரவு பண்ற நோய்னு சொல்லி, டென்ஷனைக் குறைச்சுக்கன்னு அனுப்பிட்டாரு. எல்லாம் நார்மல்னா இந்த வலி எங்கருந்து வருதுன்னு யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க.

*அத்தை* காலை 7:44
கல்யாணம் முடிச்சு வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டா சரியாப் போயிரும் கண்ணு.

*தேவி அக்கா* காலை 8:32
நைட் டூட்டி முடிஞ்சு இப்பத்தான் பாக்குறேன். கார்த்தி, நாலு கேள்வி. வலி எந்த எடத்துல? சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழிச்சு? தூக்கத்துல இருந்து எழுப்புதா? காய்ச்சல் அடிக்குதா?

*நான்* காலை 8:41
வலது பக்கம் அடிவயிறு. சாப்பிட்டு ஒரு மணி நேரத்துல முறுக்க ஆரம்பிக்கும். உள்ள என்னமோ உருண்டு வந்து ஒரு எடத்துல சிக்கி நிக்கிற மாதிரி இருக்கும். கடமுடன்னு சத்தம் வந்ததும் விட்டுரும். ராத்திரி 2 மணிக்கு எழுந்து பாத்ரூம் ஓடுறேன். சாயங்காலம் உடம்பு கதகதன்னு இருக்கும், அடிச்சுப் போட்ட மாதிரி. ரத்தம் போகல.

*தேவி அக்கா* காலை 8:58
இத மொத டாக்டர்கிட்ட இதே மாதிரி சொன்னியா, இல்ல “கேஸ் ட்ரபிள் சார்”னு ஆரம்பிச்சியா?

*நான்* காலை 8:59
கேஸ்னுதான் சொன்னேன்க்கா.

*தேவி அக்கா* காலை 9:15
நான் எண்டோஸ்கோப்பி ரூம்ல தெனமும் பாக்குறது இதுதான். நாமளே நோய்க்குப் பேர் வச்சுக் கொண்டுபோறோம். அஞ்சு நிமிஷத்துல ஓ.பி. பாக்குற டாக்டர் அந்தப் பேருக்கு மருந்து எழுதிர்றாரு.
ஐ.பி.எஸ்.ல வலி நெசம், வேதனையும் நெசம். ஆனா வழக்கமா எடை குறையாது, காய்ச்சல் வராது, தூங்குறவன எழுப்பாது. உனக்கு மூணும் இருக்கு.
வாய் வழியா விடுற டியூப் இரைப்பையையும் சிறுகுடலோட ஆரம்பத்தையும் மட்டுந்தான் பாக்கும். அதுக்கு அப்புறம் சிறுகுடல் கிட்டத்தட்ட 6 மீட்டர் கெடக்கு. அது பெருங்குடலோட சேர்ற மூலைதான் உன் வலது அடிவயிறு. அந்த எடத்த இன்னும் யாருமே பாக்கல. அப்புறம் எப்படி எல்லாமே நார்மல்னு சொல்றது?

*பெரிய மாமா* காலை 9:20
அதுவரைக்கும் வயித்தத் தட்டி விட்டா என்னம்மா தப்பு? நாங்கள்லாம் அப்படித்தான வளந்தோம்.

*தேவி அக்கா* காலை 9:26
மாமா, மோர் குடுங்க, ஓமம் குடுங்க, நான் ஒண்ணும் சொல்லல. தட்டுறது மட்டும் வேண்டவே வேண்டாம். குடல் புண்ணாகிச் சுருங்கியிருந்தா, அழுத்துற அழுத்துல ஓட்ட விழுந்துரும். அப்படி வந்தவங்கள நான் பாத்திருக்கேன் மாமா. கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்குறேன்.

*பெரிய மாமா* காலை 9:31
சரிம்மா. தட்ட வேண்டாம். நாளைக்குக் கார எடுத்துட்டு வர்றேன். மதுரை பெரியாஸ்பத்திரிக்கே போயிருவோம் மாப்ள.

*தேவி அக்கா* காலை 9:40
குடல் பிரிவு ஓ.பி. எதுன்னு விசாரிச்சுப் போங்க. கார்த்தி, இன்னிக்கே ஒரு தாள்ல எழுது. மொத வரி: 64 கிலோ, இப்ப 55. அடுத்தது ராத்திரி எழுந்திரிக்கிறது, சாயங்காலக் காய்ச்சல், வலிக்கிற எடம். வலி மாத்திரை போட்டிருந்தா அதையும் மறைக்காம எழுது, அதுவும் குடலைப் புண்ணாக்கும். பழைய ரிப்போர்ட் எல்லாம் தேதி வாரியா அடுக்கிக்க. பேசுறதுக்கு முன்னாடி அந்தத் தாள நீட்டு.

*திங்கள்*

*நான்* மாலை 4:05
அக்கா, தாளப் படிச்சதும் டாக்டர் படுக்கச் சொல்லி வயித்த அமுக்கிப் பாத்தாரு. ஒன்றரை வருஷத்துல வயித்துல கை வச்சுப் பாத்த மொத டாக்டர். ரத்தம் 9.4தான் இருக்கு. உள்ள அழற்சி இருந்தா ஏறுற ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரெண்டும் அதிகமா இருக்கு. மலத்துல கால்புரொடெக்டின்னு ஒரு டெஸ்ட், வெளி லேப்ல எடுக்கச் சொல்லியிருக்காரு. வெள்ளிக்கிழமை காலனோஸ்கோப்பி, பின்வழியா டியூப் விட்டுப் பெருங்குடலப் பாக்குறது.

*தேவி அக்கா* மாலை 4:30
கால்புரொடெக்டின் கூடுதலா இருந்தா குடல்ல அழற்சி இருக்குன்னு அர்த்தம். எதனாலன்னு அது சொல்லாது.
புதன்கிழமையில இருந்தே கீரை, கொய்யா, தக்காளி விதை வேண்டாம். வியாழன் கஞ்சித் தண்ணி, இளநி. பேதிக்குப் பவுடர் குடுப்பாங்க, சொன்ன அளவு தண்ணி முழுசாக் குடிக்கணும். பாதியில விட்டா உள்ள ஒண்ணும் தெரியாது, மறுபடி முதல்ல இருந்து வரணும்.

*வெள்ளி*

*அம்மா* மதியம் 1:50
முடிஞ்சிருச்சு. அந்த மூலைல புண்ணு இருக்காம். குழாய் உள்ள போக முடியாத அளவுக்குச் சுருங்கியிருக்காம். டிபியா இருக்கலாம், க்ரோன்ஸ்னு ஒண்ணா இருக்கலாம்ங்குறாரு. டிபி நெஞ்சுல தான வரும் தேவி? இவனுக்கு இருமலே இல்லையே!

*தேவி அக்கா* மதியம் 2:10
குடல்லயும் வரும் சித்தி. நம்ம நாட்டுல அதிகம். குடல்ல அதுக்குப் பிடிச்ச எடமே அந்த மூலதான். க்ரோன்ஸ்ங்கிறது உடம்போட எதிர்ப்பு சக்தியே குடலைப் புண்ணாக்குற நோய். அதுவும் அதே எடத்துல வரும், பாக்கவும் ஒண்ணு போலவே இருக்கும். அனுபவப்பட்ட டாக்டர்களே தடுமாறுற எடம் இது. சதை எடுத்தாங்கள்ல? எத்தன பாட்டில்?

*நான்* மதியம் 2:14
ரெண்டு. நீங்க போன்ல சொன்ன மாதிரி கேட்டேன்க்கா. ஒண்ணு ஃபார்மலின்ல, ஒண்ணு சலைன்ல.

*தேவி அக்கா* மதியம் 2:16
நல்லது. ஃபார்மலின்ல போட்டா கிருமி செத்துரும், கல்ச்சர்ல, அதாவது கிருமிய வளத்துப் பாக்குற டெஸ்ட்ல, வளராது. அதுக்குத்தான் சலைன்.

*அப்பா* மாலை 6:40
மருந்துக்கடைத் தம்பி ஒரு மாத்திரை குடுத்தான். ஸ்டீராய்டாம். ரெண்டு நாள்ல வலி நின்னுருமாம். போடவா?

*தேவி அக்கா* மாலை 6:41
வேண்டாம் சித்தப்பா! குடுக்காதீங்க! போன் பண்றேன், எடுங்க.

*தேவி அக்கா* மாலை 7:05
எல்லாரும் தெரிஞ்சுக்கணும்னு இங்கயும் எழுதுறேன். க்ரோன்ஸா இருந்தா ஸ்டீராய்டு மருந்து. டிபியா இருந்தா அதே மாத்திரை உடம்போட எதிர்ப்பை அடக்கி, கிருமியப் பரப்பி விட்டுரும். ரெண்டு நாள் நல்லாத்தான் இருக்கும், அதுதான் ஆபத்து. ரிப்போர்ட் வர்ற வரைக்கும் பொறுத்துக்க தம்பி. கொழகொழன்னு கஞ்சி, இடியாப்பம், முட்டை, கொஞ்சம் கொஞ்சமாச் சாப்பிடு. வலி தாங்க முடியாம வயிறு உப்பி, வாந்தி வந்து, காத்தே பிரியலன்னா நேரம் பாக்காத, உடனே கேஷுவாலிட்டி.

*அடுத்த வியாழன்*

*நான்* காலை 11:30
ரிப்போர்ட் வந்துருச்சு. கிரானுலோமான்னு அழற்சில வர்ற சின்னக் கட்டிங்க பெருசு பெருசா ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருக்காம், அது டிபி பக்கம்தான் காட்டுதாம். டிபி கிருமியத் தேடுற ஜீன்எக்ஸ்பர்ட் டெஸ்ட் நெகட்டிவ். கல்ச்சர் வரச் சில வாரம் ஆகும். நெஞ்சு எக்ஸ்ரே சுத்தம். டாக்டர் டிபி மருந்து ஆரம்பிக்கிறாரு. 6 மாசம். ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி ஸ்கோப்பு போட்டு, புண்ணு ஆறலன்னா க்ரோன்ஸானு திரும்ப யோசிப்பாராம்.

*பெரியம்மா* காலை 11:36
நெகட்டிவ்னு வந்த பிறகு எதுக்கு மருந்து?

*தேவி அக்கா* காலை 11:50
குடல் சதைல கிருமி ரொம்பக் கம்மியா இருக்கும்மா. பல தடவ டெஸ்ட்டுல மாட்டாது. அதனால நெகட்டிவ்னா இல்லைன்னு ஆகாது. ரெண்டு மாசத்துல புண்ணு ஆறுதான்னு பாக்குறதும் ஒரு பரிசோதனதான்.

*அம்மா* மதியம் 12:15
பொண்ணு பாத்துக்கிட்டு இருக்கிற நேரத்துல டிபின்னா என்ன பேசுவாங்க? இந்தக் குழுவத் தாண்டி யாருகிட்டயும் சொல்லிராதீங்க.

*பெரிய மாமா* மதியம் 12:22
லட்சுமி, அழாத. அந்த வீட்டுக்கு நானே போய்ச் சொல்றேன். மாத்திரை முடியட்டும், அப்புறம் பேசுவோம்னு சொல்றேன். கேக்குறவங்க கேக்கட்டும். நம்ம புள்ள உடம்பு முக்கியம்.

*தேவி அக்கா* மதியம் 12:30
சித்தி, நெஞ்சு சுத்தமா இருக்கு. இது இருமி ஒட்டாது. தனித் தட்டு, தனி டம்ளர் எதுவும் வேண்டாம்.
கார்த்தி, மாத்திரை அரசாங்கத்துலயே இலவசம். பேர் பதியுறப்ப பேங்க் பாஸ்புக் கொண்டுபோ, சத்துணவுக்கு மாசம் 1000 ரூபாய் கணக்குல போடுவாங்க. 2024 அக்டோபர் வரைக்கும் 500தான் இருந்துச்சு. காலைல வெறும் வயித்துல போடு. மூத்திரம் ஆரஞ்சுக் கலர்ல போகும், பயப்படாத. கண்ணு மஞ்சளானாலோ வாந்தி நிக்கலன்னாலோ பார்வை மங்குனாலோ அடுத்த மாத்திரைய முழுங்குறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட போயிரு. ஒரு மாசத்துல வலி கொறஞ்சிரும், அப்ப நிப்பாட்டத் தோணும். நிப்பாட்டிராத.

*நான்* மதியம் 12:38
சரிக்கா. கம்பெனில லீவு சொல்லிட்டேன். எடைய வாரா வாரம் இங்கயே போடுறேன்.

*பெரிய மாமா* மதியம் 12:40
முட்டை நான் அனுப்புறேன் மாப்ள. நாட்டுக்கோழி முட்டை.